ஒப்பாரியில் வசை எதற்கு? சாவுப் பாடல்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: இறந்தவரை நினைத்து ஒப்பாரி பாடும்போதே அண்ணன்மீதும் கொழுந்தன்மீதும் வசை விழுகிறதே, துக்க வீட்டில் இது முறையா?

பதில்: முறைதான். மற்ற நாளில் ஒப்பாரி பாடும் பெண் வாயைத் திறந்தால் அடக்கிவிடுவார்கள். பிணத்தருகே அமர்ந்து பாடுகிறவளை அடக்க எவருக்கும் துணிவு வராது. பிறந்த வீட்டில் கிடைக்காத பங்கு, புகுந்த வீட்டில் கேட்ட சொல், எல்லாம் அன்றைக்குத்தான் ராகம் கட்டி வெளியே வருகின்றன. இலக்கணமும் அவள் பக்கம்தான். அழுகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என நான்காகச் சொல்கிறது. சாவு, இரண்டாவதான இழவில் அடங்கிவிடும். அதற்கும் முன்னால் நிற்கிறது இளிவு: பிறரால் தாழ்த்தப்படுவது.

கேள்வி: சோகம் என்றாலே முகாரி ராகம்தானா?

பதில்: இல்லை. சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடிய ‘எந்தனினே’ முகாரிதான். அதில் ஒரு துளி அழுகை கிடையாது.

கேள்வி: கண்ணகி அரண்மனைக்குப் போனபோது அழுது முடித்துவிட்டாளா?

பதில்: அழுகையே வழக்காக மாறிவிட்டது என்பேன். கணவன் வெட்டுண்டு கிடக்கும் தெருவில், ‘சான்றோரும் உண்டுகொல்’, ‘தெய்வமும் உண்டுகொல்’ என்று ஊரையே குறுக்கு விசாரணை செய்கிறாள். அவையிலோ பேச்சு சுருங்குகிறது. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினால் போதும். கண்ணீரை மட்டும் நம்பியிருந்தால் பாண்டியன் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பான்.

கேள்வி: நண்பன் இறந்ததைப் பற்றிக் கவிதை எழுதினேன். படித்தால் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு வரிகளில் ‘துயரம்’ ஐந்து முறை வருகிறது. புறநானூறு 255ஆம் பாடலைப் பாருங்கள். வன்பரணர் பாடியது. காட்டில் கணவன் இறந்து கிடக்கிறான். ‘ஐயோ’ என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று மனைவிக்கு அச்சம். தூக்கிப் போகலாம் என்றால், அகன்ற மார்பு, அவளால் முடியவில்லை. ‘அறனில் கூற்றே’ என்று எமனைத் திட்டுகிறாள். அவனும் தன்னைப்போலவே நடுங்கட்டும் என்கிறாள். பிறகு பிணத்திடம் சொல்கிறாள்: என் கையைப் பிடித்துக்கொள், மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட.