கொசுவுக்கு எத்தனை நாள் வயது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொசுவைப் பற்றியவையே. ஒரே ஐயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் ஒடிசாவுக்குப் போய்த் திரும்பியதும் மலேரியா என்று தெரிந்தது. அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால் உடனே தொற்றுமா? பயந்துபோய் அவரை ஊருக்கே அனுப்பிவிட்டோம். (திருப்பூர்)

உடனே தொற்றாது. கொசுவை ஊசிபோல நினைப்பதால் வரும் அச்சம் இது. நோயாளியின் இரத்தத்தோடு, மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் கொசுவின் வயிற்றுக்குள் போய், அங்கே கூடி, வயிற்றுச் சுவரைத் துளைத்து அதன் வெளிப்புறத்தில் சிறு கொப்புளங்களாக ஒட்டி வளர்கின்றன. அவை வெடித்து ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்கள் வெளிப்பட்டு உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகுதான் அந்தக் கொசுவால் நோயைப் பரப்ப முடியும். நம் ஊர் வெப்பத்தில் இதற்குச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்துவிடுகின்றன. ஆகவே கொசு எத்தனை இருக்கிறது என்பதைவிட, அவற்றில் எத்தனை அத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன என்பதே நோய்ப் பரவலைத் தீர்மானிக்கிறது.

அவரை ஊருக்கு அனுப்பியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. வைவாக்ஸ் வகை மலேரியாவில் ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல மாதம் கழித்தும் மீண்டும் காய்ச்சலைக் கொண்டுவரும். அதை அழிக்கும் பிரைமாகுயின் மாத்திரையை, மருத்துவர் உரிய இரத்தப் பரிசோதனை செய்து கொடுத்தபடி, வழக்கமாக 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ரயிலேறிய தொழிலாளிக்கு அந்தச் சிகிச்சை பாதியில் நின்றிருக்கக்கூடும். அவரை இங்கேயே கொசுவலைக்குள் படுக்கவைத்து மருந்தை முழுதாகக் கொடுப்பதே அவருக்கும் விடுதியில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால், விடுதியின் மேல்நிலைத் தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள்.

கொசுவின் வயதையும் அதற்குள் ஒட்டுண்ணி இருப்பதையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (விலங்கியல் மாணவி, ஈரோடு)

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பெண் கொசுவை மயக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் வைத்து, இரண்டு மெல்லிய ஊசிகளால் தலையைப் பதமாக இழுத்தால், மூன்று மடல் கொண்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் தலையோடு வந்துவிடும். அவற்றை மெல்லிய கண்ணாடியால் அழுத்தி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, நோயுள்ள கொசுவானால், அரிவாள்போல் லேசாக வளைந்த நுண்ணுயிர்கள் கூட்டமாகச் சிதறி வரும். முதன்முறை அதைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. இப்போது ஒட்டுண்ணியின் புரதத்தைக் காட்டும் பரிசோதனையும், அதன் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் முறையும் வந்துவிட்டாலும், ஊசி பிடித்துப் பழகுமாறு மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதுண்டு.

வயதுக்குச் சூலகத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறைகூட முட்டை வளராத கொசுவின் சூலகத்தில் மூச்சுக்குழல் நுனிகள், சென்னிமலைத் தறிக்காரர் வீட்டு நூல் சிட்டம்போல இறுகச் சுருண்டிருக்கும். முட்டை வளர்ந்ததும் அந்தச் சுருள் விரிந்துவிடும். பிறகு ஒருபோதும் பழையபடி சுருளாது. டெட்டினோவா என்னும் சோவியத் ஆய்வாளர் பரவலாக்கிய இந்த முறையில், பிடித்த கொசுக்களில் முட்டையிட்டவை எத்தனை என்று எண்ணி, ஓர் ஊரின் கொசுக்கள் எவ்வளவு நாள் வாழ்கின்றன என்று கணிக்கிறோம். மருந்தடித்த பிறகு முட்டையிட்டவற்றின் விகிதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

இந்தத் துறையின் தொடக்கத்தில் நம் பக்கத்து மலைக்கும் ஓர் இடம் உண்டு. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த மருத்துவர் ரொனால்ட் ரோஸ் 1897-இல் நீலகிரிக்கு வந்திருந்தபோது சீகூர் மலைச்சரிவுக்குப் போய், அவருக்கே மலேரியா கண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில், மேலே சொன்ன கொப்புளங்களைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியதும் தோட்டத்தில் கொசு பெருகிவிடுகிறது. கட்டுத்தரையில் மாடு இருப்பது நல்லதா, கெட்டதா? (கோபிசெட்டிபாளையம்)

வாய்க்கால் வற்றும்போது ஆங்காங்கே தேங்கும் குட்டைகளும் பயன்படாத கிணறுகளும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கிராமத்து மலேரியாக் கொசுவுக்கு ஏற்றவை. அது மனிதரைவிட மாட்டையே விரும்பிக் கடிக்கும். பகலில் கட்டுத்தரைச் சுவரில் ஒதுங்கும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாத ஐந்து உறவினங்கள் இதில் உண்டு. அவற்றை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். ராமேசுவரத்தில் கண்டறியப்பட்ட 'ஈ' (E) இனம் மலேரியாவைத் திறமையாகப் பரப்புகிறது. 'பி' (B) இனம் அவ்வாறு பரப்புவதில்லை.

மாடு கொசுவை உங்களிடமிருந்து விலக்கலாம். இரத்தம் தாராளமாகக் கிடைப்பதால் கொசுவைப் பெருக்கவும் செய்யலாம். மாட்டைக் காவலாக நம்பாமல், கட்டுத்தரையை வீட்டிலிருந்து தள்ளி அமைத்து, கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதே என் பரிந்துரை. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு பாருங்கள்: நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடக்கும் புழு அனோபிலிஸ்; தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது க்யூலெக்ஸ் அல்லது ஏடிஸ்.

யானைக்கால் நோய் ஒரே கடியில் வந்துவிடுமா? இரத்தத்தை ஏன் இரவில் எடுக்கிறார்கள்? (பொள்ளாச்சி)

ஒரு கடியில் வருவது மிக அரிது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் பல்கிப் பெருகும். யானைக்கால் புழுவோ வளருமே தவிர எண்ணிக்கையில் பெருகாது. அது கடிவாயில் இறங்கித் தோலுக்குள் தானே நுழைய வேண்டும். எனவே பல மாதங்கள், நூற்றுக்கணக்கான கடிகள் பட்ட பிறகே நோய் நிலைபெறுகிறது. இதன் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கி, சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸ் கடிக்கும் நள்ளிரவை ஒட்டித் தோலருகே வரும். இந்தியாவில் பரவலாக உள்ள வகைக்கு இரவு 10 மணிக்கு மேல் இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். தூக்கத்தில் எழுப்பும் பணியாளர்களிடம் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

டெங்குவும் ஒட்டுண்ணியால் வருவதா? (கரூர்)

இல்லை, அது வைரஸ். பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதன் முட்டைகள் காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.