மீன் தொட்டிக்கு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதுமா?

நண்பரே, ஃபில்டர், ஹீட்டர், லைட், ஏர் பம்ப் நாலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். லோடு பிரச்சினையே இல்லை. 200 வாட் ஹீட்டரோடு சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. 6 ஆம்பியர் பாயின்ட் தாராளமாகத் தாங்கும். (கடலூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்பது வேறு கதை.)

பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். பாக்ஸைத் தரையில் போடாமல், தொட்டியிலிருந்து தள்ளிச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தேவனாம்பட்டினம் என்கிறீர்கள், உப்புக்காற்றில் பிளக் பின் பச்சை பூத்துச் சூடேறும், அவ்வப்போது பாருங்கள்.

எம்சிபி (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஷாக் அடித்தால் அது ஆளைக் காப்பாற்றாது. மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.