ஸ்பேனர் பக்கம்: வாசகர் கேள்வி - பதில்

வாசகர், திருவொற்றியூர்: பழைய 110 சிசி ஏடிவி (மணல், மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) ஒன்று வாங்கினேன். படுத்த வாக்கில் ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நீலப் புகை, இழுவையும் இல்லை. மொட்டை மாடியில் வைத்து நானே இன்ஜினைப் பிரிக்கலாமா?

பதில்: பிரிக்கலாம். ஆனால் எதுவரை பிரிப்பது என்பதை முதலில் ஆயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி ஆயிலை ஒரு தட்டில் இறக்குங்கள். முக்கால் லிட்டருக்குச் சற்று மேலே இருக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதன் மேல் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். செதில் செதிலாக ஒட்டினால் கியரோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது, கேஸை (இன்ஜினின் கீழ்ப்பாதிக் கூட்டை) பிளந்தே ஆக வேண்டும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிப்பொடி மட்டும் என்றால் பெரும்பாலும் பிஸ்டன். மேல் பாதியோடு வேலை முடியும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அது பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் போகும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் ஊற்றிவிடுங்கள்.

அடுத்து கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் மீட்டர். ஒருமுறை அளந்துவிட்டு, பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். முள் நன்றாக ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங் அல்லது போரில் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உட்சுவரில்). ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் (சிலிண்டரின் மூடி) பேக்கிங். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து நிற்பது வால்வு சீல் கோளாறு. உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

பிரிக்கும்போது வரிசை முக்கியம். ஹெட் இருக்கும்போதே மேக்னட் (கிராங்க் நுனியில் காந்தம் பதித்த சக்கரம்) நட்டையும் கிளட்ச் நட்டையும் தளர்த்திவிடுங்கள். ஹெட் போனபின் கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டை) பிடித்து நிறுத்த நல்ல வழி கிடையாது. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிளக் ஓட்டை வழியாக ஒன்றரை முழம் மெல்லிய நைலான் கயிறை உள்ளே திணியுங்கள், நுனி வெளியே தொங்கட்டும். பிஸ்டன் கயிறில் முட்டி நிற்கும், நட்டு சுலபமாகத் திரும்பும். கிளட்ச் நட்டில் நாலு வெட்டு இருக்கும். அதற்கான சாக்கெட் வாங்குங்கள். உளி வைத்துத் தட்டினால் வெட்டு மழுங்கிப் பிறகு யாராலும் கழற்ற முடியாது.

இனி மேக்னட்டில் உள்ள ‘டி’ கோட்டைக் கேஸ் குறிக்கு நேராகவும், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) பல்சக்கரத்தின் வட்டக்குறியை ஹெட்டின் வெட்டுக்கு நேராகவும் கொண்டுவந்து போனில் படம் எடுங்கள். கேம் பல்சக்கரத்தைக் கழற்றியதும் டைமிங் செயினைக் கட்டுக்கம்பியால் கட்டிவையுங்கள். ஹெட்டின் நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். அவற்றில் ஒன்றின் அடியில் செம்பு வாஷர் இருக்கும், அது ஆயில் வழி. எந்த மூலை என்று குறித்துவையுங்கள். அது இடம் மாறினால் ஹெட்டிலிருந்து ஆயில் கசியும்.

நாலு நட்டும் எடுத்தாயிற்று, ஹெட் அசையவில்லையா? இடது பக்கம் பாருங்கள். ஹெட்டையும் பிளாக்கையும் (சிலிண்டரையும்) சேர்த்து ஒரு சின்ன 6 மி.மீ. போல்ட், பிளாக்குக்கும் கேஸுக்கும் இன்னொன்று. இதை மறந்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஃபின்னை (சூடு தணிக்கும் வெளித் தகடை) உடைப்பவர்கள்தான் அதிகம்.

பிளாக்கை உருவியதும் முதல் வேலை, கேஸ் வாயில் சுத்தமான பனியன் துணியை அடைப்பது. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையமான சர்க்ளிப், ஸ்பிரிங் மாதிரி தெறிக்கும். உள்ளே விழுந்தால், தேவையே இல்லாத கீழ்ப்பாதியையும் பிரிக்க வேண்டிவரும்.

ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் ஒரு அங்குலம் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.5 மி.மீ.க்கு மேல் போனால் ரிங் முடிந்தது. போரில் நகத்தை ஓட்டும்போது தடுக்கினால், அதைக் கடைந்து பெரிதாக்க லேத்துக்குத்தான் போக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளக்காமல் போர் போடுகிறேன் என்றால் வேறு லேத்து பாருங்கள். திரும்ப மாட்டும்போது பிஸ்டன் தலையில் ‘இன்’ என்றிருக்கும் பக்கம் கார்புரேட்டரை நோக்கி இருக்கட்டும். வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்தபின் 0.05 மி.மீ.

வாசகர், காசிமேடு: மேக்னட் கழன்று வரவில்லை. சுத்தியலால் கிராங்க் நுனியில் தட்டியதில் மரை நசுங்கிவிட்டது.

பதில்: இனித் தட்டாதீர்கள். இந்தச் சின்ன கிராங்க், துண்டுகளாக அழுத்திச் சேர்த்தது. அடித்தால் கோணிக்கொள்ளும், பிறகு அதிர்வும் பேரிங் சத்தமும் நிற்காது. மேக்னட் விளிம்பில் அடித்தால் உள்ளே இருக்கும் காந்தம் உடையும். மூன்று கால் புல்லரும் வேண்டாம். மேக்னட்டின் நடுவிலேயே மரை இருக்கிறது. அதில் முழுதாக ஏறும் புல்லர்தான் வேண்டும். சிலவற்றில் இடது மரை (எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏறுவது) வரும், வாங்கும்முன் பாருங்கள். நடு போல்ட்டை நன்றாக இறுக்கிவிட்டு, அதன் தலையில் ஒரே ஒரு தட்டு. ‘டக்’கென்று விடும். சின்ன அரைவட்டக் கீ கீழே விழும், தேடி எடுத்துவையுங்கள். நசுங்கிய மரைக்கு டை (மரை வெட்டும் கருவி) ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

வாசகி, எர்ணாவூர்: கவர் ஸ்க்ரூக்கள் உப்புக்காற்றில் பிடித்துக்கொண்டன. தலை வழுக்குகிறது.

பதில்: முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் விட்டுவையுங்கள். காலையில் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். அப்புறம் சாதா ஸ்க்ரூடிரைவர் இல்லை, சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர். திரும்பப் போடும்போது ஆலன் போல்ட்டாக (தலையில் ஆறுமூலைக் குழி உள்ளது) மாற்றி, மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை கையோடு வரும்.

வாசகர், வியாசர்பாடி: ரிங், பிஸ்டன் மாற்றி மூன்று மாதத்தில் மறுபடி புகை. கடற்கரை மணலில்தான் ஓட்டுகிறேன்.

பதில்: ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் காய்ந்துபோய் இருக்கும். மணல்தூள் அதன் வழியாகப் போய்ப் போரை உப்புக்காகிதம் மாதிரி தேய்த்துவிட்டது. ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் நனைத்து, முறுக்காமல் பிழிந்து மாட்டுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் கீறல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை.