கொட்டாவி விட்டால் எழும்பும் கை, தூக்கச் சொன்னால் ஏன் எழும்பவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் இடது கை விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. விரிக்கச் சொன்னால் தோள்தான் மேலே ஏறுகிறது. கொட்டாவி விடும்போது மட்டும் அதே கை தானாக எழும்புகிறது. ‘மனசு வச்சா முடியும், சோம்பல்’ என்கிறார்கள் வீட்டில். தினமும் பந்து அமுக்கச் சொல்லலாமா?

பதில்: சோம்பல் இல்லை. அந்தக் கொட்டாவியே அதற்குச் சாட்சி.

தசைக்கு உத்தரவு வரும் பாதை ஒன்றே ஒன்றல்ல. ‘விரலை விரி’ என்று நாமாக நினைத்துச் செய்யும் அசைவு, மூளையின் மேற்பரப்பில் காதுக்கு மேலிருந்து உச்சி வரை பட்டையாக ஓடும் மோட்டார் கார்டெக்ஸிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பட்டையில் கைக்கும் முகத்துக்கும் உள்ள இடம், முதுகுக்கும் தொடைக்கும் உள்ளதைவிட மிகப் பெரியது. 1930-களில் மான்ட்ரியாலில் வில்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையை அறுவை சிகிச்சையின்போது லேசான மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்த வரைபடத்தைத் தீட்டினார்.

அங்கிருந்தும் அதை அடுத்த பகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் கீழே இறங்குகின்றன. மூளையின் அடிப்பாகமான முகுளத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். வலது மூளையில் அடைப்பு வந்தால் இடது கை விழுவது இதனால்தான். தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கும் இயக்க நரம்பணுவை உத்தரவு தட்டியதும், அதன் நீண்ட இழை தசை வரை ஓடி, நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிந்துகிறது, தசை சுருங்குகிறது. உச்சியிலிருந்து உள்ளங்கைத் தசை வரை இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் சுமார் 20 மில்லிசெகண்டுதான்.

இன்னொரு பாதை, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டிலிருந்து கிளம்புகிறது. இது பழைய பாதை; உடலின் இரு பக்கத்துக்கும் இழை அனுப்பும். உடம்பை நிமிர்த்துவது, தோளையும் இடுப்பையும் தாங்குவது, நடைக்குத் துணைபோவது எல்லாம் இதன் வேலை. விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் நுணுக்கம் இதற்கு வராது. கொட்டாவியைக் கிளப்புவதும் மூளைத்தண்டுதான். அங்கிருந்து வரும் உத்தரவு, அடைபட்ட இடத்தைத் தொடாமலே தோள் தசைக்குப் போய்விடுகிறது. உங்கள் அப்பாவின் கைத் தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. மேலே, அவர் நினைப்பை இறக்கிவிடும் பாதைதான் அறுந்திருக்கிறது. விரலை விரிக்கச் சொன்னால் தோள் ஏறுவதும் இதே கணக்குதான்: நேர்வழி இல்லாதபோது முயற்சி முழுவதும் பழைய பாதையில் இறங்கி, கையை மொத்தமாகத் தூக்கி மடக்குகிறது. ‘இன்னும் பலமாக முயற்சி செய்’ என்று அதட்டினால் அந்த மடக்கல் கூடத்தான் செய்யும்.

கால் முந்திக்கொண்டதற்கும் காரணம் உண்டு. கால் பகுதி மோட்டார் கார்டெக்ஸின் உச்சியில், இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே மறைந்திருக்கிறது; அதற்கு முன்புறத் தமனி ரத்தம் தருகிறது. கைக்கும் முகத்துக்கும் நடுத்தமனி. பெரும்பாலான அடைப்பு விழுவது நடுத்தமனியில்.

இனி அந்த மூடிய முஷ்டி. தசையைச் சட்டென்று இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். முழங்காலில் மருத்துவர் சுத்தியல் தட்டிப் பார்ப்பது இந்தத் துடிப்பைத்தான். இயல்பாக மேலிருந்து வரும் கட்டுப்பாடு அதை அடக்கி வைத்திருக்கும். பக்கவாதத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடுவதால், கையில் மடக்கும் தசைகள் இறுகிக்கொள்கின்றன. இந்த இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது: வேகமாக இழுத்தால் முறுக்கும், மெல்ல நகர்த்தினால் இளகும்.

ஆகவே பந்து வேண்டாம். பக்கவாதம் என்றதும் ஊரில் முதலில் கையில் திணிப்பது ஸ்மைலி பந்தைத்தான். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் மடக்கும் தசைக்கே அது மேலும் பயிற்சி தருகிறது. அவருக்கு இல்லாதது விரிக்கும் அசைவு.

முஷ்டியைத் திறக்க விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். விரலை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. மணிக்கட்டை முதலில் உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்கினால் அவை தொய்ந்து, விரல்கள் பாதி தானாகவே அவிழும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுங்கள். அடுத்து மற்ற விரல்களை ஒன்றாக விரித்து, விரித்தபடியே மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்தி, 30 விநாடி நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்; வலி இறுக்கத்தைக் கூட்டும். திறந்த கையோடு உள்ளங்கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள். மூடியே கிடக்கும் உள்ளங்கையில் புண் வருவது சகஜம்.

இது கையைக் காப்பாற்றும். அசைவைத் திருப்பித் தராது. அசைவு வர அவரே முயற்சி செய்ய வேண்டும், அதுவும் எண்ணிக்கையில். வட அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதப் பயிற்சி அமர்வு ஒன்றில் நோயாளி கையால் செய்த பயனுள்ள அசைவுகளை எண்ணினார்கள்: சராசரி 32. விலங்காய்வுகளில் மூளையின் வரைபடம் மாறத் தேவைப்பட்டது நாளுக்குச் சில நூறு. ‘வாரம் மூணு நாள் பிசியோ போறோமே’ என்பது ஏன் போதாது என்று புரிந்திருக்கும்.

எந்தப் பயிற்சி என்பதற்கு ஒரு சோதனை: முன்கையை மேசையில் வைத்து, விளிம்பில் மணிக்கட்டைத் தொங்கவிட்டு, ‘மேலே தூக்குங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டும், கட்டைவிரலும், இன்னும் இரண்டு விரலும் 10 டிகிரியாவது தாமாக நிமிர்ந்தால், நல்ல கையைக் கட்டிவைத்து விழுந்த கையால் மட்டும் வேலை செய்ய வைக்கும் பயிற்சிக்கு அவர் ஏற்றவர். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை. நடக்கும்போதும் குளியலறையிலும் உறையைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் தடி பிடிக்கக் கை இருக்காது. பிசியோதெரபிஸ்ட் அட்டவணை போட்டுக் கொடுக்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.

அந்த 10 டிகிரி இல்லையென்றால் கண்ணாடி. உடலின் நடுக்கோட்டில், நல்ல கையைப் பார்த்தபடி மேசையில் கண்ணாடியை நிறுத்துங்கள். விழுந்த கை பின்னால் மறைந்திருக்கட்டும். நல்ல கையை விரித்து மூடும்போது, கண்ணாடியில் இடது கை விரிவதாகத் தெரியும். அதைப் பார்த்தபடி மறைந்த கையையும் விரிக்க முயல வேண்டும். நாளுக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்ந்தவர்களுக்காக 1990-களில் கொண்டுவந்த உத்தி இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. முழுக் குணம் தரும் என்று நம்ப வேண்டாம், உதவும்.

இறுக்கத்தால் கையைத் திறக்கவே முடியவில்லை என்றால் போட்டுலினம் ஊசி பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் சிந்துவதை அது தடுத்து, சுமார் மூன்று மாதம் தசையை இளக்கும். அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசிக்குக் கொடுத்த பணம் வீண்.

ஒன்று விட்டுப்போனது: அவரை எழுப்பும்போது இடது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் வலுவிழந்திருப்பதால் மூட்டு கீழே இறங்கிவிடும். அதில் வலி பிடித்தால் மேலே சொன்ன பயிற்சி எதற்கும் அவர் ஒத்துழைக்க மாட்டார். இடுப்புப் பட்டையைப் பிடித்து எழுப்புங்கள். வாய் திடீரென்று கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, வலது கை தளர்ந்தாலோ, அது புதிய அடைப்பாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.