பின் அச்சின் விகிதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் 1969ஆம் ஆண்டு செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 இருக்கிறது. டர்போ 400 தானியங்கி கியர்பாக்ஸ், 12 போல்ட் பின் அச்சு, விகிதம் 3.31, டயரின் விட்டம் 26 அங்குலம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி மந்தமாக இருப்பதால் 4.10 போடலாம் என்றிருக்கிறேன். பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறேன். இது சரியான முடிவா?

பதில்: நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறேன் என்று நீங்கள் எழுதியிராவிட்டால் என் பதில் வேறாக இருந்திருக்கும். 4.10 என்றால் பினியனில் (அச்சுக்குள் ஓட்டம் கொண்டுவரும் சிறு பல்சக்கரம்) 10 பல், அதோடு கடிபடும் பெரிய கிரவுன் சக்கரத்தில் 41 பல். அதாவது பின் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு) 4.1 முறை சுற்ற வேண்டும். உங்களிடம் இப்போது இருக்கும் 3.31இல் அது 13க்கு 43. இந்த மாற்றத்தால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை எல்லா கியரிலும் ஏறத்தாழ 24 விழுக்காடு கூடும் என்பது உண்மைதான். ஆனால் டர்போ 400இன் மூன்றாவது கியர் 1.00, அதற்கு மேல் ஓவர்டிரைவ் (இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும், 1.00க்குக் குறைந்த கியர்) இல்லை. ஆகவே கிளம்பும்போது நீங்கள் பெறும் லாபத்துக்கான விலையை இன்ஜின் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு மைலிலும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கணக்கு எளிது. மணிக்கு எத்தனை மைல் என்பதை விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் வைத்து வகுத்தால், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது கிடைத்துவிடும். 70 மைல் வேகத்தில் உங்கள் 3.31க்கு 2,994 சுற்று, 3.55க்கு 3,211, 3.73க்கு 3,374, 4.10க்கு 3,709. டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் தானியங்கி கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைப்பது) சற்று வழுக்குவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 3,700 சுற்றில் பெரிய வி8 உடைந்துவிடாது. ஆனால் இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலோடு உட்கார்ந்து வருபவர், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். பெட்ரோல் செலவை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தேர்வு 3.55, கிளம்பும் வேகத்தில் ஆசை அதிகம் என்றால் 3.73 வரை போகலாம். டர்போ 400இன் முதல் கியர் 2.48 என்பதால், 3.31இல் முதல் கியரின் மொத்தப் பெருக்கம் (கியர் விகிதத்தை அச்சு விகிதத்தால் பெருக்கியது) 8.21 ஆக இருப்பது 3.73இல் 9.25 ஆகிவிடும், காலை வைத்தவுடனே வித்தியாசம் தெரியும். 3.73இல் நின்றுகொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 12 போல்ட் அச்சில் 3.73 வரை உங்கள் இப்போதைய கேரியரே (கிரவுன் சக்கரத்தைத் தாங்கும் கூடு) போதும், 4.10க்கு வேறு கேரியர் வேண்டும், அல்லது தடித்த கிரவுன் சக்கரம் தேடி வாங்க வேண்டும்.

டயரையும் மறக்க வேண்டாம். பின்னால் 28 அங்குல டயர் மாட்டும் எண்ணம் இருந்தால், 3.73 போட்டாலும் அது இன்றைய டயரில் 3.46 போட்டதுபோலத்தான் நடந்துகொள்ளும். பிற்காலத்தில் 700ஆர்4 போன்ற ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் வைக்கப் போகிறீர்கள் என்றால் கதையே மாறிவிடும்: அதன் நான்காவது கியர் 0.70 ஆகையால், 3.73ஐ வைத்துக்கொண்டே 70 மைலில் சுமார் 2,360 சுற்றில் போகலாம். அப்போது 4.10கூடக் குற்றமில்லை.

கேள்வி: என் வண்டியில் மன்சி எம்21 நான்கு வேக கியர்பாக்ஸும் 3.31 அச்சும் உள்ளன. மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போதெல்லாம் கிளட்ச் கருகும் வாடை வருகிறது. கிளட்சில் கோளாறா?

பதில்: கிளட்சைக் கழற்றுவதற்கு முன் பெருக்கிப் பாருங்கள். எம்21இன் முதல் கியர் 2.20தான், 3.31ஆல் பெருக்கினால் 7.28. அவ்வளவு உயரமான (அதாவது பெருக்கம் குறைந்த) முதல் கியரில் மேடேற, கிளட்சை வழுக்கவிடாமல் முடியாது. எம்21 நெருக்கமான விகிதங்கள் கொண்ட பெட்டி. அச்சில் பெரிய எண்ணை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. 3.73 போட்டால் 8.21 ஆகும். அச்சைத் தொட விருப்பமில்லை என்றால், முதல் கியர் 2.52 உள்ள எம்20 பெட்டி, இப்போதைய 3.31உடனேயே 8.34 தந்துவிடும்.

கேள்வி: வாங்கிய வண்டியின் அச்சில் என்ன விகிதம் இருக்கிறது என்பதைத் திறக்காமல் அறிய முடியுமா?

பதில்: முடியும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஷாஃப்டிலும் ஒரு டயரிலும் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பகிரும் அமைப்பு) வழுக்கல் தடுப்பு வகை என்றால் இரண்டு சக்கரங்களும் ஒரே திசையில் சுற்றும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதே விகிதம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு சுற்று சுற்றி எண்ண வேண்டும்; இதை மறந்து ஒரு சுற்றோடு நிறுத்துகிறவர்கள்தான் தங்கள் அச்சில் 1.65 இருப்பதாகத் திகைக்கிறார்கள்.

கேள்வி: 3.31ஐ 3.73 ஆக மாற்றியபின் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது. அச்சிலிருந்து ஊளைச் சத்தமும் வருகிறது.

பதில்: முதலாவது எதிர்பார்த்ததே. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து ஓட்டம் பெறுவதால், நீங்கள் உண்மையில் 60 மைலில் போகும்போது முள் 67ஐத் தாண்டி நிற்கும். அங்கே இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பொருத்தமான பல் எண்ணிக்கையில் மாற்றினால் சரியாகும்.

ஊளை அப்படியல்ல. கிரவுன் சக்கரத்தின் நாலைந்து பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, சக்கரத்தைச் சற்றுப் பிடித்துக்கொண்டே பினியனைச் சுழற்றுங்கள். பசை அழிந்த தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது; 12 போல்ட் அச்சில் பின் பேரிங்கை ஒட்டிய ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் உலோக வளையம்) மெல்லியதாக்க வேண்டும். ஃபோர்டு 9 அங்குல அச்சில் ஷிம் வேறிடத்தில் இருப்பதால் அங்கே தடிப்பானதைப் போட வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றதில் தவறுவது இங்கேதான். பற்களுக்கிடையிலான ஆட்டத்தை டயல் அளவியில் பார்த்து, 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் வையுங்கள். பற்கள் ஏற்கெனவே தப்பான தடத்தில் பல நூறு மைல் உரசித் தேய்ந்திருந்தால், ஷிம்மைத் திருத்தினாலும் ஊளை முழுதாகப் போகாது. புதிய ஜோடிதான் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால், முதல் சில ஓட்டங்களை இருபது நிமிடத்தில் முடித்து அச்சை ஆறவிட்டு, 500 மைலில் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.