சிலியின் கார்மெனேர் வைனில் புகை வாசம் வருவது ஏன்? அதனுடன் எதை உண்ணலாம்?

புகை வாசம் இருப்பதாலேயே வைன் கெட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. உட்புறம் தீயில் வாட்டப்பட்ட ஓக் பீப்பாய்களில் கார்மெனேரை முதிரவைக்கும்போது, மரத்துக்கு உறுதிதரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து உண்டான குவாயாகால் போன்ற சேர்மங்கள் வைனில் கரைந்து அவ்வாசத்தைத் தருகின்றன. உடன்வரும் பச்சைக் குடைமிளகாய் வாசமோ திராட்சையிலேயே உள்ள பைரசின்கள் என்ற வாசச் சேர்மங்களால் வருவது. பழம் முற்றுமுன் பறித்தால் அது தூக்கலாகிவிடும். பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து வந்த கார்மெனேர் திராட்சையை, 1994-இல் பிரெஞ்சுத் திராட்சையின ஆய்வாளர் ழான் மிஷெல் பூர்சிக்கோ அடையாளம் காணும்வரை, சிலியில் மெர்லோ என்ற வேறொரு திராட்சை வகை என்றே நம்பி, அதனுடன் சேர்த்தே பறித்துவந்தனர்; கார்மெனேர் பழுப்பதோ சில வாரங்கள் பிந்தி.

ஏறத்தாழ 17 டிகிரி செல்சியஸில் ஊற்றி, கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறையும் சுழற்றி ஒருமுறையும் முகர்ந்தால், புகைக்கு அடியிலுள்ள கரும்பழ வாசம் தெளிவாகப் புலப்படும்.

கரியில் வாட்டிய மாட்டிறைச்சியும், சிலியின் பழங்குடியினரான மாபுச்சே மக்களின் புகையூட்டிய மிளகாய்ப் பொடியான மெர்கென் தூவிய ஆட்டிறைச்சியும் நன்கு பொருந்தும். ஆயினும் நான் முதலில் பரிந்துரைப்பது, இறைச்சியின் மேல் அரைத்த சோளத்தைப் பரப்பிச் சுடும் பஸ்தெல் தெ சோக்லோவையே. சோளத்தின் இனிப்பு வைனின் பச்சை வாசத்தைத் தணிக்கிறது. மென்சுவை மீன்களுக்கு இந்த வைன் ஒவ்வாது.