கேம்பர் டிரெய்லருடன் ஊட்னடாட்டா டிராக்: புறப்படும் முன் எடை பாருங்கள்

கேள்வி: அடிலெய்டில் வசிக்கிறோம். அண்மையில் ஒரு கேம்பர் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் சென்று, நிறுத்திய இடத்தில் கூடாரமாக விரிப்பது) வாங்கினோம். ஜூலை பள்ளி விடுமுறையில் இரண்டு குழந்தைகளுடன் மரீயிலிருந்து ஊட்னடாட்டா டிராக் என்ற பாலைவன மண்சாலை வழியாக மார்லா சென்று, அங்கிருந்து உலுரு போக எண்ணம். எங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ். இன்னும் என்னென்ன வாங்கிப் பொருத்த வேண்டும்?

பதில்: ஜூலை இங்கே குளிர்காலம் என்பதால் மிகப் பொருத்தமான மாதம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடையில் குழந்தைகளுடன் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குளிர்காலத்தில் பகல் இதமாக இருந்தாலும் பாலைவன இரவு நடுங்க வைக்கும் என்பதால் நல்ல கனமான போர்வைகள் அவசியம்.

வாங்கிப் பொருத்துவது இருக்கட்டும். முதலில் இப்போது உள்ளதன் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரெய்லரின் தகட்டில் ஏடிஎம் என்ற உச்ச எடையும், வெற்று எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு, ஏடிஎம் 1,600 கிலோவும் வெற்று எடை 1,250 கிலோவும் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 350 கிலோதான். அதில் 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோவை எடுத்துக்கொள்ளும். வாங்கிய பின் சேர்த்த பேட்டரி, ஃபிரிட்ஜ், நிழற்கூரை, நிரம்பிய கேஸ் சிலிண்டர்கள் எல்லாம் மீதியிலிருந்துதான் கழியும். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வண்டியின் பின்புறம் டிரெய்லரை மாட்டும் இணைப்புக் குண்டின் மேல் இறங்குவது நல்லது. அந்தப் பாரம் உங்கள் வண்டியின் ஜிவிஎம் (சுமையோடு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை) கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் இருந்தாலும், குடும்பமும் சாமான்களும் ஏறிய பிறகு வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கான ஜிசிஎம் என்ற கூட்டு வரம்பு அதற்கு இடம் கொடுக்காமல் போகலாம். ஆகவே பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, பொது எடைமேடைக்கு ஒரு முறை கொண்டுபோய் நிறுத்துங்கள்.

அடுத்தது டயர். மண்சாலையில் இறங்கும்போது, வண்டி, டிரெய்லர் இரண்டின் காற்றழுத்தத்தையும் தார்ச்சாலைக்கு வைத்திருப்பதில் ஏறத்தாழ கால் பங்கு குறைத்து, வேகத்தை 80 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொண்டால் கூர்மையான கற்கள் டயரைக் கிழிக்கும் வாய்ப்பு குறைகிறது. சாமான்களுக்கும் குலுக்கல் குறையும். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி இறங்கி, டிரெய்லரின் இரு சக்கர மையங்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்: இதமான சூடு இயல்பு, ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு. சக்கர நட்டுகளையும் அப்போதே ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். குலுக்கலில் தளர்வது சகஜம்.

எரிபொருளுக்காகக் கேன்களை அடுக்க வேண்டியதில்லை. மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய இடங்களுக்கு இடையே ஒவ்வொரு கட்டமும் சுமார் 200 கிலோமீட்டர்தான். டிரெய்லர் இழுக்கும்போது வண்டி வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு குடித்தாலும் சாதாரண டேங்க் தாங்கும்; ஒவ்வோர் ஊரிலும் மறக்காமல் நிரப்பினால் போதும். அந்த எடையைத் தண்ணீருக்குக் கொடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 5 லிட்டர் என்று கணக்கிட்டு, அதை ஒரே தொட்டியில் வைக்காமல் பிரித்து வையுங்கள்.

சிறு மழை பெய்தாலே இந்தச் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு. ஆகவே தெற்கு ஆஸ்திரேலிய அரசு வெளியிடும் அவுட்பேக் (தொலைதூர உட்பகுதி) சாலை நிலவரத்தைத் தினமும் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு நாள் உணவு உபரியாக இருக்கட்டும். கங்காருவும் மாடும் குறுக்கே வரும் என்பதால் மாலை 5 மணிக்குள் முகாம் போட்டுவிடுவது பாதுகாப்பு.

ஊர்களைத் தாண்டினால் கைபேசியை நம்ப முடியாது. ஏதாவது வாங்கியே தீர வேண்டுமென்றால், அது ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் சமிக்ஞை அனுப்பும் பிஎல்பி அவசரக் கருவியாக இருக்கட்டும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். வண்டி பழுதாகி நின்றால், அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருபவர்களின் கண்ணுக்கு ஆளைவிட வண்டிதான் முதலில் தெரியும்.